பிராக்ஸ்டன் றோவர்ஸ் வரலாற்றின் கடைசிப் பக்கம்

என் அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுதும் வழக்கம் இனி நமக்கில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் தங்கச்சி பவளம், நம் உடுப்பிட்டி வீட்டின் முன்னறையில், உங்கள் மேசையில் இருந்து எழுதுகிறேன்.

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் நாளைக்கு நெல்லியடி அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றவர்களின் கல்வெட்டுகளை நீங்கள் எப்படி வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். செத்தவரைப் பற்றி இரண்டு பக்கம், பிறகு பக்திப் பாடல்கள் நாற்பது பக்கம், கடைசியில் வம்சாவளி. "எல்லாருக்கும் ஒரே புத்தகம், படம் மட்டும் வேறை" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பீர்கள். உங்களுடையதில் பாடல்கள் வேண்டாம், இங்கிலாந்தின் பிராக்ஸ்டன் றோவர்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றைப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டீர்கள். நான் ஓம், போடுவோம் என்றேன். அந்த ஓமுக்குத்தான் இப்போது வீட்டில் இத்தனை கரைச்சல்.

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் என்னை ஒரு பிடி பிடித்தார். "உனக்கென்ன மூளை கலங்கிப்போச்சே பவளம்? வெள்ளைக்காரன் பந்தடிச்ச கதையை வாசிச்சே அவர் மோட்சம் போறது?" என்றார். "அவர் போற இடத்துக்குப் போகட்டும். ஓம் எண்டு சொன்னது நான்" என்றேன். அன்றிலிருந்து அவர் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான்.

உங்கள் மகன் குகன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். இங்கிலாந்தில் வேலைக்கு லீவை நீட்டிக் கேட்டிருக்கிறான். கழக வரலாறு எழுதிய உங்கள் நான்கு கொப்பிகளையும் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு கணினியில் அடிக்கிறான். தமிழில் அடிப்பது அவனுக்குச் சிரமம். நான் வாசிக்க அவன் அடிக்கிறான். முன் தலையில் மயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. குனிந்திருக்கும்போது பார்த்தால் நீங்கள் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதிய கோலம் அப்படியே தெரிகிறது.

முதல் கொப்பியில் 'கழகத்தின் தோற்றமும் பெருமையும்' என்று கோயில் தலவரலாறு மாதிரித் தொடங்கியிருக்கிறீர்கள். குகனுக்குச் சிரிப்பு. மாமா கப்பலில் இருந்து அனுப்பிய சப்பாத்து உங்கள் காலுக்குச் சின்னதாகப் போனதையும், அதற்குள் அடைத்து வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளை விரித்து வாசித்ததையும் அவனுக்கு நான் சொன்னேன். சப்பாத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தீர்கள். தாளை வைத்துக்கொண்டீர்கள். அதில் ஏதோ ஒரு பஞ்சாலை ஊரின் உதைபந்தாட்டக் கழகம் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்ற செய்தி இருந்தது. தோற்றவர்கள் மேல் உங்களுக்கு எப்போதும் ஒரு இரக்கம். கழகத்துக்குக் கடிதம் போட்டீர்கள். அவர்களின் செயலாளர் மூன்று பக்கம் தட்டச்சில் வரலாறு அடித்து அனுப்பினார். அதைத் தமிழில் எழுதத் தொடங்கியதுதான் இந்த நான்கு கொப்பி.

வாசிக்க வாசிக்க எனக்கு மறந்துபோனதெல்லாம் வருகிறது. ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை அரைநாள் லீவில் சேற்று நிலத்தில் தொடங்கிய கழகம். சாயம் பிழைத்து விற்க முடியாமல் ஒதுக்கிய துணியில் தைத்த முதல் சட்டை. அதனால்தான் கடைசிவரை அந்தத் துருப்பிடித்த நிறம். முதலாம் உலகப் போருக்கு முன் ஒரே ஒரு முறை பெருங்கிண்ணத்தை வென்றது, அதுவும் விரல் முறிந்த பந்துக் காப்பாளரை வைத்துக்கொண்டு. அந்த அணியில் பாதிப்பேர் போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அடுத்த போரில் மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீங்கள் பென்சிலால் 'நல்ல மண்ணாக இருந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் போடுவோமா என்று குகன் கேட்டான். போடு என்றேன்.

பிறகு ஆலைகளை மூடினார்கள். கழகம் கீழே கீழே போய், எவரும் எதிர்பாராத விதமாக மேலே ஏறி, நம் போர்க்காலத்தில் இரண்டே இரண்டு பருவம் இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஆடியது. அந்த இரண்டு வருடமும் ஊரில் உங்களுக்கு 'றோவர்ஸ் மனேச்சர்' என்று பெயர். றோவர்ஸ் வென்ற கிழமையில் சங்கக்கடையில் சீனி கொஞ்சம் கூட நிறுப்பீர்கள் என்று சனம் கதைத்தது. அது உண்மையா அண்ணை? நான் ஒருநாளும் கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. போன மாரியில் உங்கள் கழகத்தை மூடிவிட்டார்கள். கடன் கட்ட முடியாமல் நீதிமன்றம் வரை போய், ஒரு நாள் காலையில் வாசலுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்களாம். குகன் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவன் கைத்தொலைபேசியில் ஆட்டம் காட்ட வந்தபோதெல்லாம் "பிறகு பாப்பம்" என்று எழுந்து போனவர்தானே.

ஆனால் அவன் அங்கே போயிருக்கிறான். நான்கு மணித்தியாலம் கார் ஓடிப் போனானாம். பூட்டிய கதவில் ஆட்கள் கழுத்துச் சால்வைகளைக் கட்டிவிட்டிருந்தார்களாம். அங்கே நின்ற ஒரு வயதான மனுசி, நீ எந்த ஊர் என்று கேட்டதாம். இலங்கை, அப்பா இந்தக் கழகத்தின் ஆள் என்றானாம். அப்பா எப்போதாவது உள்ளே வந்து ஆட்டம் பார்த்தவரா என்று கேட்டதாம். இல்லை என்றானாம். "நானும் பத்து வருசமா உள்ளுக்குப் போகேல்லை எண்டு சொல்லிப்போட்டு மனுசி அழுதது மாமி" என்றான். பிறகு கடைசிக் கொப்பியை எடுத்து, "அப்ப கடைசி வரி என்ன போடுறது?" என்று கேட்டான்.

ஏனென்றால் உங்கள் வரலாறு மூடியதில் முடியவில்லை. அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்னாலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது. நீலமையில் இரண்டே சொல் எழுதியிருக்கிறீர்கள். 'சமநிலை. தப்பியது.' அதற்குப் பிறகு வெறும் தாள்.

அந்த நாளை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கல்வெட்டின் கடைசியில் போட நினைத்திருக்கிறேன். வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்போது வடக்குக்குப் பற்றறி வரத் தடை. மின்சாரம் இல்லை. எல்லா வீட்டிலும் செய்தது போல நாமும் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தோம். ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்க வேண்டும். மெதுவாக மிதித்தால் பேசுகிறவரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். வேகமாக மிதித்தால் றேடியோ எரியும். உங்கள் கூட்டாளிகளில் ஒருவர் றோவர்ஸ் கோல் போட்ட சந்தோசத்தில் மிதித்துத் தள்ளி ஒரு றேடியோவை எரித்தே விட்டார். "பவளத்துக்கு உதிலை அக்கறை இல்லை, அவள்தான் சீரா மிதிப்பாள்" என்று அந்த வேலையை எனக்குத் தந்தீர்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

அது நீங்கள் விட்ட பிழை அண்ணை. முதல் மாதம் அக்கறை இல்லைத்தான். பிறகு எனக்கு எல்லா ஆட்டக்காரரின் பெயரும் தெரியும். இடது பக்கம் ஓடுகிறவனுக்கு முழங்கால் நோ என்பது தெரியும். சும்மா முகத்தை வைத்துக்கொண்டு மிதிப்பேன், அவ்வளவுதான். பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்தப் பந்தாட்டம் என்று அம்மா கேட்பா என்ற பயம்.

அந்த ஞாயிறு பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் றோவர்ஸ் முதற்பிரிவில் இருந்து இறங்கிவிடும், சமன் செய்தால் தப்பும். அங்கே முற்பகலில் தொடங்கியதால் இங்கே பின்னேரம் கேட்டது. பின்னேரம் ஐந்து மணிக்குச் சந்திப் பேக்கரிக்குப் போய் வரிசையில் நின்று பாண் வாங்குவது நம் வீட்டில் என் வேலை. அன்றைக்கு நான் சைக்கிளில் இருந்தேன். உங்கள் மனைவி, யோகம் மச்சாள் போனா.

சந்திப் பக்கம் பீரங்கிச் செல் விழுந்தபோது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிய ஐந்தோ ஆறோ நிமிடம் இருந்தது. நீங்கள் பாய்ந்து எழுந்து, "நிப்பாட்டாதை, பாத்திட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு ஓடினீர்கள். ஒவ்வொரு நாளும் செல் விழுந்த காலம். நான் நிறுத்தவில்லை. மிதித்தேன். கடைசி நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. உங்கள் கழகம் இறங்கிவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது அண்ணை. வாசல் படலையில் ஆட்கள் குழறிக்கொண்டு வந்தபோது என் கன்னத்தில் இருந்த கண்ணீர் மச்சாளுக்காக வந்தது இல்லை. அதை நினைத்து நான் வெட்கப்படாத நாள் இல்லை.

குகனுக்கு ஐந்து வயது. உள்ளறையில் நித்திரை கொண்டிருந்தான்.

மச்சாளின் முப்பத்தோராம் நாள் கழிந்த அடுத்த நாள், நீங்கள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள். "அண்டைக்குக் கடைசியிலை என்ன நடந்தது?" நான் யோசிக்கவே இல்லை. "சமன் அண்ணை. தப்பியிட்டினம்" என்றேன். ஏதாவது ஒன்றாவது உங்களுக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் அந்த இரண்டு சொல்லையும் எழுதினீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டில் எவரும் அந்தச் சைக்கிளை றேடியோவுக்கு மிதிக்கவில்லை.

நேற்று அந்தப் பக்கம் வந்தது. குகனிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "தம்பி, இது பிழை. உன்ரை அப்பாவுக்கு நான் பொய் சொன்னனான். அண்டைக்கு அவை தோத்தவை" என்றேன்.

அவன் கணினியில் இருந்து கையை எடுத்தான். "தெரியும் மாமி" என்றான்.

"இப்ப இன்ரநெற்றிலை எல்லாம் கிடக்குத்தானே" என்றேன்.

"இல்லை. நான் அங்கை போன முதல் வருசம் அப்பா காயிதம் போட்டவர். உங்கை நூலகத்திலை பழைய பேப்பர் இருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவைப் பாத்து எழுது எண்டு. பாத்து எழுதினனான். ரண்டுக்கு ஒண்டு, தோல்வி எண்டு."

நான் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டேன். "அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"அடுத்த காயிதத்திலை ஒரு வரி. மாமியிட்டை இதைக் கதைக்காதை, அவள் எனக்காகத்தான் சொன்னவள் எண்டு."

இருபது வருடத்துக்கு மேலாக உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே மேசையில் சாப்பிட்டோம். நீங்கள் கொப்பியைத் திருத்தவும் இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை. குகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, உங்கடை பொய்யையே அப்பா பத்திரமா வைச்சிருந்தவர். அழாதேங்கோ" என்றான். அவன் நினைத்தான், நான் நெகிழ்ந்துபோய் அழுகிறேன் என்று.

நான் அதற்காக அழவில்லை. நீங்கள் மன்னித்தது சின்னப் பொய்யை.

பெரியது வேறு. மச்சாள் போய் ஒரு வருடம் இருக்கும். குகனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். "பவளம், பாணுக்கு நீயெல்லோ போறனி. அண்டைக்கு ஏன் அவள் போனவள்?" என்று கேட்டீர்கள். நான் பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன். "நாரி நோகுது, கொஞ்சம் நடந்திட்டு வாறன் எண்டு தானாத்தான் போனவ அண்ணை" என்றேன்.

மச்சாளுக்கு இடுப்பு நோகவில்லை. ஐந்து மணிக்கு முன்னறை வாசலில் வந்து நின்று, பையை என்னிடம் நீட்டினா. "பவளம், பாணுக்கு நேரமாச்சு. அவர் கொஞ்சம் மிதிச்சுக் கேக்கட்டும், நீ போட்டு வா" என்றா. நான், "நீங்கள் ஒருக்காப் போங்கோ மச்சாள், எனக்குக் கால் வலிக்குது, இறங்கினால் பேந்து ஏறேலாது" என்றேன். கால் வலிக்கவில்லை. எனக்கு முடிவு கேட்க வேண்டும். உங்களுக்காக இல்லை, எனக்காக. அந்த ஒரு தரம் எனக்கு ஒன்று வேண்டும் போல இருந்தது. மச்சாள் சிரித்துக்கொண்டு, "சரி, நீ மிதி" என்று செருப்பைக் கொழுவிக்கொண்டு போனா.

நீங்கள் அதே அறையில்தான் இருந்தீர்கள். றேடியோவில் காதை ஒட்டி வைத்திருந்தீர்கள். கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நம்பினேன். இப்போது, அந்த ஒரு வரியை அறிந்த பிறகு, எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை. கேட்டிருந்தீர்களா? கேட்டுவிட்டுத்தான் ஒரு வருடம் கழித்து, நான் என்ன சொல்லுவேன் என்று பார்த்தீர்களா? ஆஸ்பத்திரியில் அந்தக் கொப்பியைப் போடச் சொல்லி ஏன் என்னிடம் கேட்டீர்கள்? குகனிடம் சொல்லியிருக்கலாமே.

நான் கலியாணம் கட்டாமல் இருந்ததை ஊரில் பெரிய தியாகம் என்று கதைக்கிறார்கள். கல்வெட்டுக்கு நன்றியுரை எழுதிய குகனும் 'தாய்க்குத் தாயாக என்னை வளர்த்த மாமி' என்று எழுதி வைத்திருக்கிறான். அந்த வரியை என்னால் வாசிக்க முடியவில்லை. மூன்று பேர் பெண் கேட்டு வந்து போனார்கள். நீங்கள் கட்டச் சொல்லி மன்றாடினீர்கள். நான் மறுத்ததைப் பிள்ளையின் மேல் உள்ள பாசம் என்றீர்கள். பாசம் உண்மைதான். ஆனால் அது பிறகு வந்தது. முதலில் இருந்தது பயம். அவனுடைய தாய் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன் என்ற பயம்.

கழகத்தின் வரலாற்றைத் திருத்திவிட்டேன். நீங்கள் எழுதிய இரண்டு சொல்லையும் அப்படியே விட்டு, அதற்குக் கீழே, ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று தோல்வியில் முடிந்தது, கழகம் இறங்கியது, பிறகு மேலே வரவேயில்லை, போன மாரியில் மூடப்பட்டது என்று சேர்த்திருக்கிறேன். உங்கள் சாதனைப் பட்டியலில் கை வைக்கவில்லை. ஒரே ஒரு கிண்ணம்தான் என்றாலும் கிண்ணம் கிண்ணம்தானே.

மச்சாளைப் பற்றிய பக்கம்தான் மிச்சம். அதில் 'செல் வீச்சில் காலமானார்' என்று மட்டும் இருக்கிறது. அது பொய் இல்லை. ஆனால் முழுவதும் இல்லை.

குகன் கல்வெட்டுக்கு மேல்மட்டை பார்க்க நெல்லியடிக்குப் போயிருக்கிறான். தேத்தண்ணி நேரத்துக்கு வந்துவிடுவான். அச்சகத்துக்குக் கொடுக்க முன் இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுக்கிறேன். வாசித்துக் காட்ட மாட்டேன். குரல் உடைந்தால் அவன் இரங்கிவிடுவான், இரங்கி மன்னிப்பதை நான் வாங்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறேன். கடைசி எழுத்து வரைக்கும் அவன் வாசிக்கட்டும். பிறகு இதைப் போடுவதா கிழிப்பதா என்பதும், என்னை மாமி என்று கூப்பிடுவதா என்பதும் அவனுடைய விருப்பம். அவன் கிழித்தால், உங்கள் கல்வெட்டில் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுவேன். இன்னொரு பொய்யால் நிரப்ப மாட்டேன். இது மச்சாள் அறியச் சொல்கிறேன்.

படலைச் சத்தம் கேட்கிறது அண்ணை. அவன் வந்துவிட்டான்.

யோகம் மச்சாளைப் பாணுக்கு அனுப்பிய,
உங்கள் தங்கச்சி
பவளம்